‘பிற’ என்பது பாலினம் அல்ல

பெண்கள் பிரிவில் காவலராகத் தேர்வான ஒருவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ‘மூன்றாம் பாலினம்’ என்ற பொருளில் அறிக்கை வந்தது, வேலை போனது. பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்ந்தவர், தன்னைப் பெண் என்றே அறிந்தவர் அவர். 2014 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். நாகமுத்து அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்தார். தன்னைப் பெண் என்று சொல்பவர்மீது வேறொரு பாலினத்தைச் சுமத்தும் அதிகாரம் மருத்துவ அறிக்கைக்குக் கிடையாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதே மாதம் 15ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்று முடிவு செய்யும் உரிமை அவரவருக்கே உரியது என்றது. அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றும் சொன்னது.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு நுட்பம் புரியும். காவலர் கேட்டது, தன்னைப் ‘பெண்’ என்ற கட்டத்திலிருந்து வெளியே தள்ளாதீர்கள் என்பதை. நால்சா வழக்கில் எழுந்த குரல்களில் ஒன்று, இரண்டு கட்டங்களிலும் அடங்காதவர்களுக்கு இடம் எங்கே என்பது. இவை வெவ்வேறு கோரிக்கைகள். நமது அரசுப் படிவங்களோ இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் வைத்திருக்கின்றன: ‘பிற’ அல்லது ‘திருநர்’ என்றொரு மூன்றாவது கட்டம். இந்த ஒற்றைக் கட்டம் இரு தரப்புக்கும் அநீதி இழைக்கிறது என்பதே நம் நிலைப்பாடு.

வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றாகத் தன்னை உணர்வது இருமைக்குள் அடங்கும் அடையாளம். பெரும்பாலானோர் இப்படித்தான். பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணரும் திருநங்கையும் இந்த இருமைக்குள் வருபவராகவே பெரும்பாலும் இருக்கிறார், திருநம்பியும் அப்படியே. அவர்கள் மறுப்பது பிறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டதைத்தானே தவிர, ஆண் பெண் என்ற பிரிவை அல்ல. ‘நான்-பைனரி’ என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரின் நிலை வேறு. அவர்களில் சிலர் இரண்டுமாக உணர்கிறார்கள், சிலர் இரண்டும் இல்லை என்கிறார்கள், சிலருக்கு அது காலப்போக்கில் மாறுகிறது. உடற்கூறு சார்ந்த ஊடுபால் (இன்டர்செக்ஸ்) வேறு. யார் மீது ஈர்ப்பு என்பதும் வேறு. இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்யத் தூத்துக்குடியில் அதிகாரிகள் மறுத்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. இந்து திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அந்த மணமகளுக்கு ‘மூன்றாம் பாலினம்’ என்ற முத்திரை உதவியிருக்காது. ‘மணமகள்’ என்ற சொல்தான் உதவியது. மணமகன், மணமகள் என்ற இரண்டு சொற்களிலும் தன்னைக் காணாதவருக்கோ அதே சட்டத்தில் நுழைய வாசலே இல்லை.

அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை, இறுக்கியது. திருநங்கை, திருநம்பி, ஊடுபாலினர், இருமையை ஏற்காதவர், ஹிஜ்ரா, அரவாணி என்று எல்லோரையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்தது. மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழில் முதலில் ‘திருநர்’ என்றுதான் இருக்கும் என்றது. ஆண் அல்லது பெண் என்று மாற்ற வேண்டுமானால் அறுவை சிகிச்சைக்கான சான்றைக் கேட்டது. உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றதைச் சட்டம் புறவாசல் வழியாகக் கொண்டுவந்தது.

இத்தனைக்கும் தமிழ்நாடு இந்த வேறுபாட்டை அறியாத மாநிலம் அல்ல. 2008இல் நாட்டிலேயே முதன்முறையாகத் திருநருக்கு நலவாரியம் அமைத்தது இங்கேதான். அரசுப் பணித் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளைப் பார்த்தால், 2017ஆம் ஆண்டின் அரசாணையை ஒட்டி, திருநர் விண்ணப்பதாரர்கள் தம்மைப் பெண் என்றோ, ஆண் என்றோ, மூன்றாம் பாலினம் என்றோ தனித்தனியே குறிப்பிட முடியும். பெண் என்று குறித்தவர் மகளிருக்கான 30 விழுக்காட்டிலும் மீதமுள்ள 70 விழுக்காட்டிலும் போட்டியிடலாம். மற்ற இருவருக்கும் அந்த 70 விழுக்காடு மட்டுமே. ஆக, வேறுபாடு அரசுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் மூன்றாம் பாலினம் என்று உண்மையைச் சொல்பவருக்கு, பொய்யாகப் பெண் என்று எழுதியிருந்தால் கிடைத்திருக்கும் வாய்ப்புகூடக் கிடைப்பதில்லை. திருநர்களுக்குச் சமூகப் பிரிவுகளைக் கடந்து ஒரு விழுக்காடு கிடைமட்ட இடஒதுக்கீடு வழங்குமாறு 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை முழுமையாக நிறைவேற்றுவதே இதற்குச் சரியான தீர்வு.

எண்ணிக்கையிலும் இதே கோளாறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘பிற’ என்ற பிரிவில் நாடு முழுவதும் 4,87,803 பேர் பதிவாயினர். தமிழ்நாட்டில் 22,364 பேர். இந்த எண் யாரைக் குறிக்கிறது? தன்னைப் பெண் என்று சொன்ன திருநங்கை பெண்கள் கணக்கில் போயிருப்பார், அது சரியும்கூட. ஆனால் திருநர் நலத் திட்டத்துக்கு நிதி ஒதுக்குபவர் கையில் இருப்பதோ குறைந்துபோன எண். கனடா 2021இல் வேறு வழியைக் கையாண்டது. பிறப்பில் குறிக்கப்பட்ட பால் என்ன, இப்போதைய பாலினம் என்ன என்று இரண்டு கேள்விகள் கேட்டது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 59,460 திருநர்கள், 41,355 நான்-பைனரியினர் என்று தனித்தனியே கணக்குக் கிடைத்தது. இரண்டே கேள்விகள்தான், வானம் இடிந்து விழவில்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, இது மேல்நாட்டு இறக்குமதி என்பது. ‘நான்-பைனரி’ என்ற சொல் இறக்குமதிதான். அது சுட்டும் மனிதர்கள் இங்கேயே பிறந்தவர்கள். ஆண்மை திரிந்த பெயர்களைப் பற்றித் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் பேசுகிறது. அவற்றை உயர்திணையிலேயே வைக்கிறது. அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. இலக்கணத்தில் இடம் போதவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அந்த நூலுக்கு இருந்தது. நமது படிவங்களுக்கு அது இல்லை.

இரண்டாவது, சலுகைக்காகப் பொய் சொல்வார்கள் என்பது. மேலே சொன்ன தேர்வாணைய விதியைப் பாருங்கள். உண்மை சொல்பவர்தான் இழக்கிறார். மூன்றாவது மறுப்பு திருநங்கையர் சிலரிடமிருந்தே எழுகிறது: எத்தனையோ ஆண்டுப் போராட்டத்தில் பெற்ற உரிமை, புதியவர்கள் வந்தால் நீர்த்துப்போகாதா? நியாயமான கவலைதான். ஆனால் நீர்த்துப்போகச் செய்வது எல்லோரையும் ஒரே கட்டத்தில் அடைப்பதுதான். பிரித்து எண்ணினால் யாருக்கு எது தேவை என்பது தெளிவாகும்.

எனவே நாம் கேட்பவை எளியவை. பாலினம் தேவையே இல்லாத படிவங்களிலிருந்து அக்கேள்வியை எடுத்துவிடுங்கள். குடிநீர் இணைப்புக்கு எதற்கு அது? தேவையான இடத்தில் பெண், ஆண், இரண்டிலும் அடங்காதவர், சொல்ல விரும்பவில்லை என்ற தேர்வுகளை வையுங்கள். திருநரா என்பதை விரும்பினால் மட்டும் விடை தரக்கூடிய தனிக் கேள்வியாக்குங்கள். அவரவர் சொல்லே சான்று. மருத்துவர் கையெழுத்து வேண்டாம். அழைப்பதற்குத் தமிழ் சிரமம் கொடுக்கவே இல்லை. ‘அவர் வந்தார்’ என்பதில் மரியாதை இருக்கிறது, பாலினம் இல்லை.

2027 கணக்கெடுப்பு இதற்கெல்லாம் நல்ல தொடக்கமாக அமையட்டும். வாசலில் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளர் பெயரைக் கேட்பார், வயதைக் கேட்பார், படிப்பைக் கேட்பார். பாலினத்தை மட்டும் முகத்தைப் பார்த்துத் தானே நிரப்பிக்கொள்வது நம் ஊர் வழக்கம். பயிற்சி வகுப்பில் அவருக்கு ஒரே ஒரு வரி கூடுதலாகச் சொல்லிக்கொடுங்கள்: அதையும் வாய்விட்டுக் கேட்டு, சொல்வதை எழுதுங்கள்.