கூமுட்டை வாயுவும் வீணாகும் ஹைட்ரஜனும்



ஹைட்ரஜன் சல்பைடு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது கூமுட்டை நாற்றம்தான். அது கொடிய நஞ்சு என்றும் படித்திருப்பீர்கள். அதற்குள் ஒரு செல்வமும் இருக்கிறது. அதை நாம் வீணாக்குகிறோம் என்பதே என் குறை.

டீசலிலுள்ள கந்தகம் எரிந்தால் காற்று கெடும். எனவே எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் டீசலுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கந்தகத்தை நீக்குகிறார்கள். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டு டீசலில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. இதற்கான ஹைட்ரஜனை இயற்கை வாயு, நாப்தா ஆகியவற்றிலிருந்து தயாரிக்கும்போது ஏராளமான கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது.

இப்படிப் பாடுபட்டுப் பெற்ற ஹைட்ரஜன் கந்தகத்துடன் கூடி ஹைட்ரஜன் சல்பைடாகிறது. அடுத்து, 1883இல் கிளாஸ் கண்ட முறையைத் தழுவிய உலைகளில் இந்த வாயுவுடன் ஆக்சிஜனை வினைபுரியச் செய்கிறார்கள். கந்தகம் கிடைக்கிறது, ஹைட்ரஜனோ நீராவியாகிவிடுகிறது! 34 கிலோ ஹைட்ரஜன் சல்பைடில் 2 கிலோ ஹைட்ரஜன் இப்படிப் போகிறது.

அதை மீட்க முடியாதா? நீரிலிருந்து 2 கிராம் ஹைட்ரஜனைப் பிரிக்கக் குறைந்தது 286 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து பிரிக்கச் சுமார் 21 கிலோ ஜூல் போதும். ஆனால், வெறும் வெப்பத்தால் பிரிக்க மிக உயர்ந்த வெப்பநிலை வேண்டும். ஆறும்போது இரண்டும் மீண்டும் கூடிவிடும்.

இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. மின்னிறக்கத்தால் வாயுவைப் பிளாஸ்மாவாக்கலாம். குளிர் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களுக்கு மட்டும் மிகுந்த ஆற்றல் கிடைக்கிறது. வாயு அதிகம் சூடாவதில்லை. விரைந்தோடும் எலக்ட்ரான்கள் மோதி மூலக்கூறுகளை உடைக்கின்றன. தகுந்த வினையூக்கியை உடன் வைத்தால் பிரியும் அளவு கூடுகிறது. 1980களிலேயே மாஸ்கோவின் குர்ச்சாத்தோவ் நிறுவனத்தினர் நுண்ணலைப் பிளாஸ்மாவில் இதைச் சோதித்தனர்.

‘மின்செலவு கட்டுப்படியாகுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 21 கிலோ ஜூல் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் பல மடங்கு செலவாகிறது. நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டு செய்தால் ஒரு புகையை நீக்கி இன்னொரு புகையை வாங்கியதாகும். ஆகவே வெயிலும் காற்றும் தரும் மின்சாரத்தால், குறைந்த செலவில் இதைச் செய்யும் வழியை நம் ஆய்வகங்கள் தேடவேண்டும்.

அந்தத் தேடலில் நாளை நீங்களும் இருக்கலாம். அடுத்தமுறை அந்த நாற்றம் வீசினால் உடனே விலகிச் செல்லுங்கள். ஆனால் அதனுள் இருக்கும் ஹைட்ரஜனை மறந்துவிடாதீர்கள்!