கனடாவில் பொழுதுபோக்கு, பதுளையில் குற்றம்

ரொறன்ரோவில் வாழும் தமிழர் ஒருவர் தமது வீட்டு நிலவறையில் திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்து வைன் தயாரிக்கிறார். அதை ஒரு சாடியிலிருந்து இன்னொரு சாடிக்கு மாற்றுவதற்கு வெற்றிடப் பம்பி ஒன்றை, அதாவது வாக்குவம் பம்ப் ஒன்றை, விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். விருந்தாளிகளுக்கு அதைப் பெருமையோடு இயக்கியும் காட்டுகிறார். நல்லது. அவர் வாழும் நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறது. அதே சாடியும் அதே பம்பியும் பதுளை மாவட்டத்தில் பசறையிலோ லுணுகலையிலோ ஒரு தோட்ட லயன் அறையில் அகப்பட்டால் என்ன நடக்கும்? பொலிஸார் வருவார்கள். அந்த வீட்டுப் பெண் நீதவான் முன் நிறுத்தப்படுவார். மறுநாள் பத்திரிகையின் உட்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வெளிவரும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மதுவின் தன்மையன்று. யார் தயாரிக்கிறார்கள், எங்கே தயாரிக்கிறார்கள் என்பதே காரணம் என்பது என் வாதம்.

முதலில் சட்டம். இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இன்றி மதுபானம் தயாரிப்பதை அது தடை செய்கிறது. அத்தோடு நிற்கவில்லை. தயாரிக்கும் நோக்கத்தோடு மூலப்பொருளையோ பாத்திரத்தையோ கருவியையோ வைத்திருப்பதும் குற்றமே. சட்டத்தின் வாசகம் அவ்வளவு அகலமானது. செப்புக் குழாய் பொருத்திய வடிகலனும் அதற்குள் அடங்கும், வைனை மாற்ற வைத்திருக்கும் பம்பியும் அடங்கும். 'என் வீட்டுத் தேவைக்கு மாத்திரமே' என்ற பதில் அங்கே செல்லுபடியாகாது.

அந்தப் பம்பி என்ன செய்கிறது என்பதையும் சற்று விளக்கியாக வேண்டும். ஏதோ இரகசிய ஆலை இயந்திரம் என்று எண்ணுவோர் உளர். வெறுஞ் சாடி ஒன்றின் வாயை இரு குழாய்கள் செருகிய தக்கையால் இறுக அடைக்கிறார்கள். ஒரு குழாய் பம்பிக்குப் போகிறது. மற்றது வைன் நிறைந்த சாடிக்குள் இறங்குகிறது. பம்பி வெறுஞ் சாடியிலுள்ள காற்றை இழுத்தெடுக்க, வெளியேயுள்ள வளிமண்டல அழுக்கம் வைனைத் தள்ளிக் குழாய் வழியே அனுப்புகிறது. அடியில் தேங்கிய ஈஸ்ட் மண்டி கலங்குவதில்லை. 23 லீற்றர் நிறைந்த கண்ணாடிச் சாடியை, ஏறக்குறைய 30 கிலோ, தூக்கி மேசை மேல் வைத்து இடுப்பை முறித்துக்கொள்ளவும் தேவையில்லை.

இரண்டாவது பயன், வாயு அகற்றுதல். சர்க்கரை நொதிக்கும்போது மதுசாரமும் கரியமில வாயுவும் நிறையளவில் ஏறத்தாழச் சரிபாதியாக உண்டாகின்றன. வாயுவின் பெரும்பகுதி வெளியேறினாலும் ஒரு பகுதி வைனில் கரைந்து நின்று நாவைச் சுள்ளென்று குத்தும். பொறுமையுள்ளவர்கள் சில மாதங்கள் காத்திருப்பார்கள். அது தானாகவே போய்விடும். பொறுமையற்றவர்கள் பம்பியை இயக்குவார்கள். அழுக்கம் குறைந்ததும் குமிழிகள் சரஞ்சரமாக மேலெழும்.

இதில் ஆபத்தும் உண்டு. முழு வெற்றிடம் என்றால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ சுமை. 20 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தட்டையான கண்ணாடிப் பக்கம் ஒன்றின் மீது 600 கிலோ. கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கும் ஹப்புத்தளையில் வளிமண்டல அழுக்கம் சுமார் 15 சதவீதம் குறைவு. ஆயினும் 500 கிலோ மிஞ்சும். தட்டைப் பக்கப் போத்தலோ விரிசல் விழுந்த சாடியோ உட்புறமாக நொறுங்கினால் கண்ணாடித் துண்டுகள் அறையெங்கும் பறக்கும். பிளாஸ்டிக் கான் நசுங்கிச் சுருண்டுவிடும். பழைய பிரிட்ஜின் கம்பிறசரைக் கழற்றிப் பம்பியாக்கும் கெட்டிக்காரர்கள், நடுவில் ஒரு காவற் போத்தல் வைக்கத் தவறினால் வைன் இயந்திரத்துக்குள் போய் இயந்திரமும் பாழ், வைனும் பாழ். மதுசார ஆவிக்கு அருகில் மின்பொறி தெறித்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று தலைமுறைப் புகை படிந்த சுவரில் ஒற்றை மின்குமிழும் தொங்கும் வயர்களுமாக இருக்கும் லயன் அறைகளுக்கு இந்தக் கருவி உகந்ததே அல்ல.

உண்மையில் ஊவா மலைகளில் அதற்குத் தேவையும் இல்லை. மேற்படியில் ஒரு சாடி, கீழ்ப்படியில் ஒரு சாடி, இடையே ஒரு ரப்பர் குழாய். புவியீர்ப்பு இலவசம். மலைமேல் ஊற்றிலிருந்து பீலி வழியாகவும் குழாய் வழியாகவும் தண்ணீரை லயத்துக்கு இறக்கிய மக்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மதுவரி அதிகாரியின் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. சாதாரண அழுக்கத்தில் 78 பாகை செல்சியஸில் கொதிக்கும் மதுசாரம், அழுக்கத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் சுமார் 30 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே பம்பியைக் கொண்டு வடிக்கவும் முடியும் என்று அவர் ஐயுறுவது முற்றிலும் அறிவீனமன்று. ஆனால் மலையகத்துக் கசிப்புக்காரர் எவரும் பம்பிக்காகக் காத்திருக்கவில்லை. ஓடைக்கரை, விறகு, பெரல், செப்புச் சுருள்: நூறு ஆண்டுகளாக அந்த நான்கும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்துள்ளன.

இங்கேதான் சட்டமும் பத்திரிகைகளும் சேர்ந்து ஒரு குழப்பத்தை வளர்த்திருக்கின்றன. பேச்சு வழக்கில் 'காய்ச்சுறான்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். வைனை யாரும் காய்ச்சுவதில்லை; ஊற வைக்கிறார்கள். ஊற வைத்த பழச்சாற்றில் மதுசாரம் 12, மிஞ்சினால் 15 சதவீதத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஈஸ்டே மடிந்துபோகும். கசிப்பு என்பது கோடாவைத் தீயில் ஏற்றி வடித்தெடுப்பது. அதில் செறிவு பன்மடங்கு. துருப்பிடித்த தகரமும் ஈயம் ஒட்டிய பழைய வாகன ரேடியேற்றரும் வடிகலனாகும்போது நஞ்சும் சேர்ந்தே இறங்குகிறது. இவ்விரண்டையும் ஒரே குற்றமாகப் பார்க்கும் சட்டம், பசியால் தேங்காய் பறித்தவனையும் வங்கியை உடைத்தவனையும் ஒரே கூண்டில் ஏற்றும் சட்டம். செய்தி மேசைகளுக்கோ ஆயத்த வாசகம் ஒன்று இருக்கிறது: இத்தனை லீற்றர் கோடாவும் உபகரணங்களும் கைப்பற்றப்பட்டன, சந்தேகநபர் கைது. எந்த உபகரணம், கோடாவா பழச்சாறா என்று கேட்டெழுதிய நிருபரைக் காண்பது அரிது. பெரலுக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நிற்கும் பெண்ணின் படம் மாத்திரம் தவறாமல் அச்சாகும்.

இந்தச் சட்டம் யாருடைய நன்மைக்காக வந்தது? மக்களின் ஆரோக்கியத்துக்காக என்று நம்புவோர் 1912ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும். வீட்டில் தயாரிப்பதைத் தடுத்த அதே சீர்திருத்தம்தான் நாடெங்கும் கள்ளுத் தவறணைகளைத் திறந்துவிட்டது. மதுவொழிப்பு இயக்கம் வெகுண்டெழுந்தது அதற்கு எதிராகத்தான். அவ்வியக்கத்தில் நின்ற டி. எஸ். சேனாநாயக்கா, டி. பி. ஜயதிலக்க முதலியோரை 1915 கலவரத்தின்போது ஆங்கில அரசு சிறையில் அடைத்தது. பின்னர் ஆட்சி அவர்கள் கைக்கு வந்தது, சட்டம் போகவில்லை. 1948இல் மலையக மக்களின் பிரசாவுரிமையைப் பறிக்க நேரம் கிடைத்த சேனாநாயக்காவுக்கு, 1912ஐத் திருத்த நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சட்டத்தைத் தந்த பிரித்தானியா, 1963இல் தன் நாட்டில் வீட்டில் பியர் தயாரிப்பதற்கு இருந்த அனுமதிப்பத்திர விதியை நீக்கிவிட்டது. அமெரிக்கா 1978இல் வீட்டு பியருக்கும் வழிவிட்டது. வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கலன், சுமார் 378 லீற்றர் வரை தயாரிக்கலாம். இரு நாடுகளிலும் அனுமதியின்றி வடிப்பது இன்றும் குற்றம். ஊற வைப்பதும் வடிப்பதும் வேறு வேறு என்று அவர்களின் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில் அரசுக்குத் தேவை வரி. 1992இல் இரண்டு காரியங்கள் நடந்தன. அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் தனியார் கைக்குப் போனது. அதே ஆண்டில் அரசின் தோட்டங்களின் நிருவாகம் இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் டிஸ்டில்லரீஸ் கம்பனியும், பதுளைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களை நடத்தும் பலாங்கொடை பிளான்டேஷன்ஸ் கம்பனியும் மெல்ஸ்டாகோர்ப் என்ற ஒரே குழுமத்தின் கீழ் வந்தன. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. கொழுந்துக்குக் கூலி கொடுப்பதும் அந்தக் கூலியில் வாங்கப்படும் சாராயத்தை விற்பதும் ஒரே குடையின் கீழ் நடக்கலாம் என்ற நிலையை மாத்திரம் கவனியுங்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அதில் 360க்கு மேற்பட்டவை இருந்தன. கடை திறக்க அத்தனை பேருக்கு அனுமதி. கொடித்தோடைச் சாற்றை ஊற வைக்க ஒரு குடும்பத்துக்கு இல்லை.

'தோட்டங்களில் குடி எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்று தெரியாதா? அங்கே வீட்டுக்கு வீடு வைனா?' இதுவே என்னிடம் எப்போதும் எழுப்பப்படும் மறுப்பு. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். தெரியும். மனைவி கொழுந்து கிள்ளிக் கொண்டுவரும் சம்பளம், சம்பள நாளன்றே தவறணை வாசலில் கரைந்துபோவதைப் பல பத்தாண்டுகள் செய்தியாகவும் கட்டுரையாகவும் எழுதியவன் நான். ஆனால் அந்தக் குடும்பங்களை அழித்தது எது? அரச முத்திரை ஒட்டிய சாராயமும், அதை வாங்க வசதியில்லாதவனுக்கு ஓடைக்கரையில் கிடைத்த கசிப்பும். 2021இல் வர்த்தமானி வழியாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,000 ரூபா. 2023இல் அச்சம்பளம் அப்படியே இருக்க, ஒரு போத்தல் சாராயத்தின் விலை 3,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. வரி ஏற ஏறக் குடி குறையும் என்று கணக்கிட்டார்கள். கொழும்பில் குறைந்திருக்கலாம். மலையில் குடிப்பவன் போத்தலை விட்டுப் பெரலுக்கு மாறினான்.

பழ வைன் இதைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குடிநோயாளிக்குப் பழ வைனும் மதுவே. வீட்டில் மது இருந்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டும் என்ற கவலையும் உண்மையானது. ஆனால் சிறைக்குப் போகும் பெண்ணின் பிள்ளைகளைப் பற்றியும் அதே கவலை வேண்டாமா? அபராதம் கட்டத் தோடும் மூக்குத்தியும் அடகுக் கடைக்குப் போவதை எந்த மதுவொழிப்புச் சங்கம் கணக்கில் எடுத்தது?

பெண்கள் என்றதும் 2018 ஜனவரி நினைவுக்கு வருகிறது. பெண்களுக்கு மது விற்பதையும், மதுபானம் தயாரிக்கும், விற்கும் இடங்களில் அவர்களை வேலைக்கு அமர்த்துவதையும் கட்டுப்படுத்திய 1979ஆம் ஆண்டு அறிவித்தலை அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் செய்தார். தேயிலை ஆலையின் இரைச்சலில் இரவு முழுவதும் நிற்கலாம். அட்டைக்கடியோடு மலைச்சரிவில் கொழுந்து கிள்ளலாம். பழச்சாறு நொதிக்கும் சாலையில் வேலை செய்ய மட்டும் தனி அனுமதி வேண்டும்.

ஊவாவில் பழத்துக்குக் குறைவில்லை. பிபிலையின் தோடம்பழம் நாடறிந்தது. மொனராகலையில் கொடித்தோடை, பண்டாரவளைப் பக்கம் பெயார்ஸ், எங்கும் கொய்யா. பருவம் உச்சத்தில் இருக்கும்போது விலை விழுகிறது. வண்டிக் கூலிக்கும் கட்டாத பழம் மரத்தடியிலேயே அழுகுகிறது. தேயிலை ஆலையில் இலையின் நிறம், மணம், வெப்பம் பார்த்துப் பதம் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த மக்கள். ஒரு வாளிப் பழச்சாற்றின் பதம் அவர்களுக்குப் பிடிபடாதா?

நான் கேட்பது சிறிய திருத்தம். வயது வந்தோர் உள்ள ஒரு குடும்பம், விற்பனைக்கல்லாமல், ஆண்டுக்கு வரையறுத்த அளவு பழ வைன் தயாரிக்கலாம் என்று ஒரு விலக்கு. வடிப்பது தொடர்ந்தும் குற்றமாகவே இருக்கட்டும். விற்க விரும்பும் சிறு கூட்டுறவுக் குழுக்களுக்குப் பெரிய ஆலைக்குரிய கட்டணமும் நிபந்தனையும் அல்லாமல், அவர்களுக்குத் தாங்கக்கூடிய தனி அனுமதிப்பத்திரம். மலையக மக்களின் வாக்குகளோடு பாராளுமன்றம் போனவர்களில் எவரேனும் தனிநபர் பிரேரணையாக இதைக் கொண்டு வரலாம். தவறணை அனுமதிப்பத்திரத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதும் நேரத்தில் பாதி போதும்.

வெளிநாடுகளில் இருந்து இதை வாசிப்போருக்கு ஒன்று. ஊருக்கு வரும்போது உறவுக்காரப் பெண் ஒருத்திக்குச் சுயதொழில் ஆகட்டும் என்று சாடியும் ஈஸ்டும் பம்பியும் பெட்டியில் கட்டிக்கொண்டு வராதீர்கள். நீங்கள் இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுவீர்கள். பம்பி லயத்திலேயே இருக்கும். அது என்னவென்று பொலிஸாருக்கு விளக்க வேண்டியவள் அவள். அதுவும் பெரும்பாலும் சிங்களத்தில்.