கௌதாரி முட்டை தின்னலாம், எடுக்கக் கூடாது

கௌதாரி முட்டையைச் சாப்பிடலாமா என்று கேட்டால், சாப்பிடலாம் என்பதுதான் நேர்மையான பதில். அதில் நஞ்சு எதுவும் இல்லை. காடை முட்டையைவிடச் சற்றுப் பெரியது. காடை முட்டையில் இருக்கும் கரும்புள்ளிகள் இல்லாமல் வெளிறிப்போன பாலேட்டு நிறத்தில் இருக்கும். நன்றாக வேகவைத்தால் கோழி முட்டைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சளிக்கு நல்லது, மூட்டு வலிக்கு நல்லது, ஆண்மைக்கு நல்லது என்று சொல்வதெல்லாம் விற்கிறவன் வாய்ச்சவடால். காட்டிலிருந்து எடுத்த முட்டை எத்தனை நாள் அடையில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. உடைத்தால் மஞ்சள் கருவுக்குப் பதிலாகப் பாதி வளர்ந்த குஞ்சு இருக்கலாம்.

ஆனால் தின்னலாமா என்பது அடுக்களைக் கேள்வி. எடுக்கலாமா என்ற கேள்விக்கு நாட்டில் சட்டம் இருக்கிறது, பதில் தெளிவாகவும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையைக் கொல்வதும் பிடிப்பதும் மட்டும் இல்லை. அதன் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும்கூட வேட்டைதான். ஆடு மேய்க்கப் போன இடத்தில் கண்ணில் பட்ட முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து வீட்டுக் கோழிக்கு அடை வைக்கிறாரே, அவருக்கும் இது பொருந்தும். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தான் செய்தது குற்றம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

கௌதாரி மரத்தில் கூடு கட்டுகிற பறவை அல்ல. வரப்போரப் புதரடியில், கோரைப் புல்லுக்கு நடுவில், மண்ணை லேசாகப் பறித்துக் கொஞ்சம் சருகைப் போட்டு ஆறு முதல் ஒன்பது முட்டை வரை இடும். பெட்டை மட்டுமே சுமார் மூன்று வாரம் அடைகாக்கும். அதன் உடம்பின் வரிகளும் சருகின் நிறமும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், ஆள் காலடி வைக்கும் வரை அசையாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கடைசி நொடியில்தான் சடசடவென்று எழும். எழுந்த இடத்தைப் பார்த்தால் கூடு கிடைத்துவிடும். அந்த வருடத்து ஈடு முழுவதும் ஒரே கையில் போய்விடுகிறது.

வளர்ந்த பறவையைப் பிடிக்கும் விதமும் இதைப் போன்றதே. பழக்கிய சேவல் கௌதாரி ஒன்றைச் சிறு கூண்டில் அடைத்து, விடியற்காலையில் புதர் ஓரம் வைத்து, சுற்றிலும் நைலான் கண்ணிகளைப் பதித்துவிட்டு ஆள் ஒதுங்கிவிடுகிறார். கூண்டுக்குள் இருப்பது கத்தியதும், அந்த இடத்துக்குச் சொந்தக்காரச் சேவல் சண்டைக்கு ஓடி வரும். கால் கண்ணியில் மாட்டும். தன் எல்லையைக் காக்க ஓடிவரும் குணமே அதன் கழுத்துக்குச் சுருக்காகிறது.

கௌதாரி ஒன்றும் அழிந்துபோகும் இனமல்லவே, வெளிநாட்டில் சீசன் வைத்துச் சுடுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. முதல் பாதி உண்மை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இது அச்சுறுத்தல் குறைந்த இனம்தான். இரண்டாவது பாதியைக் கொஞ்சம் பார்ப்போம். பிரிட்டனில் கௌதாரி இனப் பறவைகளைச் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முதல் தேதி வரை மட்டுமே சுடலாம். உரிமையில்லாதவர் அவற்றின் முட்டையை எடுப்பதை அங்கே 1831-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. முட்டைமீது இருந்த கருணையால் அல்ல, பண்ணையாரின் வேட்டை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக! அந்த ரசனைதான் கப்பலேறி இங்கேயும் வந்தது. ஆலன் ஆக்டேவியன் ஹ்யூமும் மார்ஷலும் 1879-இலிருந்து 1881-க்குள் இந்திய வேட்டைப் பறவைகள் பற்றி மூன்று பெரிய தொகுதிகளே வெளியிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் ‘சிறு வேட்டை’ என்ற பெயரில் உரிமம் கொடுக்கும் வழக்கம் தொடர்ந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அந்தக் கதவை மறுபடி திறக்கக் கூடாது. சீசன் வைத்துச் சுடும் நாட்டில் நிலத்துக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். எத்தனை ஜோடி இருக்கிறது என்று எண்ணுகிறார். குறைந்தால் அந்த ஆண்டு துப்பாக்கியை எடுப்பதில்லை. போதாததற்குப் பண்ணையில் வளர்த்தும் விடுகிறார். இங்கே கௌதாரி வாழ்வது தரிசிலும் புறம்போக்கிலும். அங்கே யார் எண்ணுவது?

அப்படியானால் பண்ணையில் வளர்க்க அனுமதி கொடுங்கள் என்ற யோசனையும் வருகிறது. கேட்க நியாயமாகத் தோன்றினாலும் இதையும் நாம் ஏற்கவில்லை. உரித்துத் தொங்கவிட்ட பறவை பண்ணையில் வளர்ந்ததா, கண்ணியில் மாட்டியதா என்று எந்த அதிகாரி சொல்ல முடியும்? பண்ணை ரசீது ஒன்று இருந்தால் போதும், காட்டுப் பறவை முழுவதும் அதற்குள் நுழைந்துவிடும். சிறு பறவைக் கறிதான் வேண்டும் என்றால் ஜப்பானியக் காடை இருக்கிறது. 1974-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று பண்ணை பண்ணையாக வளர்கிறது. முட்டையும் கறியும் பேட்டைக் கடை வரை கிடைக்கிறது. நாக்குக்கு ஒன்றும் குறைவில்லை.

நம்முடைய குறை வேறிடத்தில் இருக்கிறது. கௌதாரி வேட்டை என்று செய்தி வரும்போதெல்லாம் படத்தில் நிற்பது கண்ணியோடு பிடிபட்ட கூலித் தொழிலாளி. அவரிடம் வாங்கியவர் எங்கே? ‘கௌதாரி ரோஸ்ட்’ என்று வாய்மொழியாகச் சொல்லி விற்கும் சாலையோர உணவகம் எங்கே? காட்டு விலங்கின் கறியை உணவகத்தில் சமைப்பதையும் பரிமாறுவதையும் அதே சட்டத்தின் 44-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தப் பிரிவு கல்லாப்பெட்டிப் பக்கம் போனதாகத் தெரியவில்லை. வேட்டையே பரம்பரைத் தொழிலாக இருந்த சமூகங்களுக்கு மாற்றுப் பிழைப்பு காட்டாமல் வழக்கு மட்டும் போடுவதும், தின்றவரை விட்டுவிட்டுப் பிடித்தவரை மட்டும் இழுப்பதும் நியாயமல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்ணியே இல்லாவிட்டாலும் கௌதாரிக்கு ஒதுங்க இடம் வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கைத் ‘தரிசு’ என்று பதிவேட்டில் எழுதி வீட்டுமனைக்கும் ஆலைக்கும் கொடுக்கிறோம். பசுமை என்ற பெயரில் புல்வெளியில் மரக்கன்று நடுகிறோம். விதைத் தானியத்தோடு கரையானையும் வண்டையும் பொறுக்கித் தின்று உழவனுக்கு உதவுகிற பறவை, வரப்போரப் புதரையும் இழந்துகொண்டிருக்கிறது. நாம் திட்டித் தீர்க்கும் சீமைக் கருவேலத்தில்கூட அது இரவு அடைகிறது என்பது கசப்பான வேடிக்கை. கருவேலத்தை அகற்றட்டும், இனப்பெருக்கக் காலமான ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை புதர்க்காட்டில் இயந்திரத்தை இறக்காமல் அகற்றட்டும்.

அந்த ஆறு மாதமும் வனத்துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து நெடுஞ்சாலை உணவகங்களின் குளிர்பதனப் பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். முதல் வழக்கு முதலாளிமீது பதிவாகட்டும். கண்ணி வைத்தவரை அதற்குப் பிறகு விசாரிக்கலாம்.