பிடித்த மீனை விடலாமா?

"சாப்பிடவும் மாட்ட, சும்மாவும் விட மாட்ட. மீனுக்கு வலிக்காதா பாப்பா?"

அப்பா இப்படிக் கேட்டபோது நாங்கள் இருவரும் பந்தாய் மெர்டேக்கா கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு மணி நேரமாக நான் தூண்டிலை வீசிக்கொண்டிருந்தேன். ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் இந்தக் கேள்வி வேறு. வானொலியில் நேயர்கள் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிப் பழகிய எனக்கு, அப்பாவிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

எங்கள் தொழிலில் பெருநாள் என்றாலே வேலை நாள்தான். நீங்கள் முறுக்கு சாப்பிடும் நேரத்தில் நாங்கள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்போம். தீபாவளிக்கு உழைத்ததற்குப் பதிலாக, இம்முறை சீனப் புத்தாண்டுக்கு எனக்கு மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மெர்போக்கில் ஒரு ஹோம்ஸ்டே எடுத்தேன். அம்மா போட்ட ஒரே நிபந்தனை, அங்கே அடுப்பு இருக்க வேண்டும் என்பது. "மீன் பிடிக்கப் போறீங்க, நான் மசாலா அரைச்சு வைக்கிறேன்" என்றார். பிடிக்கும் மீனை நான் திரும்பக் கடலில் விடப்போகிறேன் என்பதை அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

நான் கற்றுக்கொண்டது ஃபிளை ஃபிஷிங். ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆற்றின் நடுவில் ஒருவர் நின்றுகொண்டு நீளமான கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் சுழற்றிக்கொண்டிருப்பார். நம் சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் எல்லாம் தலைகீழ். முள்ளில் கட்டியிருப்பது கொஞ்சம் இறகும் முடியும்தான். அதற்குக் கனமே கிடையாது. கயிறுதான் கனம். அந்தக் கயிற்றைச் சாட்டைபோல் விரித்து அனுப்பினால், இறகு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும்.

உப்புத் தண்ணீருக்கென்று தனிச் சாமான்கள் உண்டு. என்னுடையது 9 அடி நீளம், 8-ஆம் எண் கோல். கூட வேலை செய்யும் நண்பரிடம் பழையதாக வாங்கியது. நான் கட்டியிருந்த போலி இரைக்குக் கிளவுசர் மின்னோ என்று பெயர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் கிளவுசர் என்பவர் 1980-களில் ஆற்று மீனுக்காக உருவாக்கியது. மான்வால் முடி, இரண்டு குட்டி உலோகக் கண்கள், அவ்வளவுதான். நிறுத்தினால் தலைகுப்புற இறங்கும், இழுத்தால் எழும்பும். இன்று உலகத்தில் பல கடற்கரைகளில் இதைத்தான் வீசுகிறார்கள்.

கோலாலம்பூரில் ஒரு திடலில் அந்த நண்பர்தான் எனக்கு வீசக் கற்றுக்கொடுத்தார். "பின்னால் போன கயிறு முழுசா நீளட்டும். அதுவரைக்கும் கையை ஆட்டாதே" என்பார். நான் உடனே முன்னால் வீசிவிடுவேன். கயிறு என் கழுத்தைச் சுற்றும். "ரேடியோக்காரங்களுக்கு இதுதான் கஷ்டம். மூணு வினாடி சும்மா இருக்கச் சொன்னா உயிர் போயிடும்" என்று சிரிப்பார். உண்மைதான். ஒலிபரப்பில் மூன்று வினாடி சத்தமில்லை என்றால் எங்களுக்குக் கை நடுங்கும்.

மெர்போக்கிலிருந்து தஞ்சோங் டாவாய் போய், அங்கிருந்து படகில் ஆற்று முகத்தைக் கடந்தால் சில நிமிடங்களில் பந்தாய் மெர்டேக்கா. வடக்கே குனோங் ஜெராய் நிற்கிறது. பழைய காலத்து மாலுமிகள் அந்த மலையை அடையாளமாக வைத்துத்தான் இந்தப் பக்கம் வந்தார்கள் என்பார்கள். மெர்போக் ஆற்றின் ஓரமெல்லாம் வணிகம் நடந்த இடம். பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளைப் பார்க்கப் பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இராஜேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரம் என்று நாம் பெருமையாகச் சொல்வதும் இந்தப் பகுதியைத்தான்.

படகில் வந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இறால் எங்கே?" என்று மலாயில் கேட்டார். இறகைக் காட்டினேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கடலைப் பார்த்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறகு சுங்கைப்பட்டாணியில் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் செமெலிங் படகுத்துறையில் கைத்தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார். அண்ணனைக் கூட்டிப்போவார். "பொம்பளப் புள்ளைக்கு அந்தச் சேறெல்லாம் எதுக்கு" என்று என்னை வீட்டில் விட்டுவிடுவார். மண்புழு தோண்டி டின்னில் போட்டுக் கொடுப்பது மட்டும் என் வேலை. முப்பது வயதுக்கு மேல் நான் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொண்டதில் அந்த டின்னுக்கும் பங்கு உண்டு.

அதனால் அன்று காலை நான்தான் நிபுணர் என்று காட்டிக்கொள்ள ஆசை. விடிந்ததும் போய்விட்டோம். பார்த்தால் கடல் எங்கோ தூரத்தில் இருந்தது. நடுவில் எல்லாம் ஈரமண்ணும் சேறும்தான்.

"அமாவாசைத் தண்ணி. இப்படித்தான் இறங்கும். ஏறட்டும், இரு" என்றார் அப்பா.

சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டியே வரும் என்பது எனக்குத் தெரியும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் அதிகமாக ஏறி அதிகமாக இறங்கும் என்பதும் பள்ளியில் படித்ததுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. நல்ல வேளை, இந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். இந்தப் பக்கம் அலை குறைவு, வீசுவதற்கும் வசதி.

தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் இறங்கினோம். "காலைத் தூக்கி வைக்காத. தேய்ச்சுத் தேய்ச்சு நட. மண்ணுக்குள்ள திருக்கை படுத்திருக்கும்" என்றார். காலைத் தேய்த்து நடந்தால் அது நகர்ந்துவிடும். மிதித்தால் வால் முள் பாயும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளைகளோடு இந்தக் கடற்கரைகளுக்குப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் இரண்டு மணி நேரம் வீசினேன். அதன் முடிவில்தான் அந்தக் கேள்வி.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். இங்கே நான் தேடுவது சியாகாப், நம் கொடுவாய் மீன். அது ஆணாகத்தான் வளரும். சில வருடங்கள் கழித்துப் பெரிதானதும் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய சியாகாப் எல்லாம் அம்மாக்கள். ஆற்று முகத்தில் முட்டையிடுவது அவைதான். சின்னதைப் பிடித்தால் அது அம்மாவாக வாய்ப்பே இல்லை. பெரிதைப் பிடித்தால் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் போச்சு. முள்ளின் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் சுலபமாகக் கழன்றுவிடும், காயம் குறைவு என்றும் சொன்னேன்.

"ஆம்பளையாப் பொறந்து பொம்பளையாகுதா?" என்று அப்பா கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, "சரி, அதெல்லாம் நல்லதுதான். ஆனா அதை இழுத்துட்டு வரும்போது அதுக்கு எப்படி இருக்கும்? நாங்க திங்கறதுக்குப் பிடிச்சோம். நீ எதுக்குப் பிடிக்கிற?" என்றார்.

ஒரு ஒப்பந்தம் செய்தோம். வீட்டுக்கு ஒன்று. அதற்கு மேல் வந்தால் விட்டுவிட வேண்டும். ஒன்று கிடைத்துவிட்டால் அதிக நேரம் விளையாடக் கூடாது.

கையெழுத்துப் போடாத அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்பா சும்மா நிற்கவில்லை. "அங்கே பாரு" என்று காட்டினார். கரையிலிருந்து ஒரு சிறு ஓடை கடலில் கலக்கும் இடம். கலங்கிய தண்ணீரும் கொஞ்சம் தெளிந்த தண்ணீரும் சந்திக்கும் கோடு. மடவைக் குஞ்சுகள் துள்ளின. "குஞ்சு துள்ளுற இடத்துக்குக் கீழே ஆள் இருக்கும்."

வீசினேன். இழுத்தேன். ஒன்றும் இல்லை.

"ஏன் இப்படி ஓட்டற? எறா இப்படி ஓடாது. ஓடும், நிக்கும். மறுபடி ஓடும்."

இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். மூன்றாவது நிறுத்தத்தில் கயிறு என் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.

அடுத்த சில நிமிடங்களைப் பற்றி நான் சொல்வதைவிட அப்பா சொல்வதுதான் சரியாக இருக்கும். நான் கத்தினேனாம். அவரை "டேய்" என்றுகூடச் சொன்னேனாம். மீன் ஒருமுறை தண்ணீருக்கு மேல் எழும்பித் தலையை உதறியது. கடைசியில் அது அலையோரத்தில் சாய்ந்தபோது, "செவுள்ல கை வைக்காத, வெட்டும்" என்று அப்பாவே குனிந்தார். முழங்கை நீளம், வெள்ளி உடம்பு. ஒரு கிலோ இருக்கும். குழம்புக்கு அளந்து வைத்ததுபோல் இருந்தது.

அப்பா கையை நனைத்துக்கொண்டு அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தார். முள்ளைக் கழற்றினேன். ஒப்பந்தப்படி பையை எடுத்து விரித்தேன். அவர் அசையவில்லை.

"எனக்குப் பத்து வயசு இருக்கும்" என்று ஆரம்பித்தார். "மாசக் கடைசி. கடையில கடன் கொடுக்கல. அல்லூர்ல ஒரு விரால் பிடிச்சேன். பெருசு. தூக்கிட்டு ஓடி வர்றேன், லயத்து வாசல்ல கை நழுவிடுச்சு. பக்கத்துல தண்ணி, போயிடுச்சு. எங்கம்மா ஒன்னும் திட்டல. மீன் இல்லாமயே மீன் குழம்பு வச்சாங்க. புளி, மொளகாத்தூள், உப்பு. எட்டு பேரு சாப்பிட்டோம். யாரும் பேசல."

இத்தனை வருடத்தில் இந்தக் கதையை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அண்ணனிடமும் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நானும் எதுவும் சொல்லவில்லை. மூன்று வினாடிக்கு மேலேயே ஆகியிருக்கும்.

"அன்னைக்கு அது தானா போச்சு" என்றார். "இன்னைக்கு நானா விடறேன்."

மீனின் முகத்தைத் தண்ணீர் வரும் பக்கம் திருப்பிப் பிடித்தார். செவுள் இரண்டு மூன்று முறை விரிந்து மூடியது. வால் அசைந்ததும் கையைத் திறந்தார். அது போன இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும்" என்றார்.

அம்மாவிடம் சொன்னோம். அம்மா அரைத்த மசாலாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அன்று இரவு உருளைக்கிழங்கு குழம்பு. தப்பாகச் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

மறுநாள் மதியம் பரிகாரம் தேடி மூவரும் கோத்தா கோலமூடாவுக்குப் போனோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அடிபட்ட மீனவக் கிராமம் அது. அதன் நினைவாக ஒரு காட்சிக்கூடமும் இருக்கிறது. அங்கேதான் பாசார் பீசிக் எனும் கிசுகிசுச் சந்தை. படகு கொண்டுவரும் மீனை ஏலம் விடுவார்கள், ஆனால் யாரும் கூவுவதில்லை. வாங்க வருகிறவர் விற்பவரின் காதோடு காதாக விலையைச் சொல்லிவிட்டு விலகுவார். அடுத்தவர் வந்து இன்னொரு விலையைச் சொல்வார். அதிக விலை சொன்னவருக்கு மீன். மற்றவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. குரலை விற்றுப் பிழைக்கும் எனக்கு, குரலே இல்லாமல் நடக்கும் அந்த வியாபாரத்தைப் பார்க்க வியப்பாக இருந்தது. ஏலத்தில் எடுத்த ஒருவரிடம் அப்பா செனாங்கின் வாங்கினார். அவரும் காதில்தான் பேரம் பேசினார். என்ன விலை என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அப்பாவின் கேள்விக்கு இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை. விளையாட்டுக்காக ஒரு உயிரை இழுத்துத் திரும்ப விடுவது சரிதானா? சாப்பிடப் பிடிப்பவர் என்னைவிட நேர்மையானவர் என்றுதான் சில நாள் தோன்றுகிறது. ஒன்று மட்டும் தெரியும். பிடித்த மீனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட முடிகிற இடத்தில் நான் இருக்கிறேன். அந்த இடத்துக்கு நான் நடந்து வரவில்லை. லயத்திலிருந்து ஒருவர் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

போன வாரம் அப்பா தொலைபேசியில் அழைத்தார். பக்கத்து வீட்டுச் சேவல் இறகையும் தையல் நூலையும் வைத்து முள்ளில் என்னவோ கட்டியிருக்கிறாராம். பார்த்தால் அச்சு அசல் இறால்போலவே இருக்கிறதாம்.

"அந்தக் கோல் இன்னொன்னு கிடைக்குமா பாரு" என்றார். "அடுத்த அமாவாசை என்னைக்குன்னு நான் பார்த்துட்டேன்."