நான்கு கிலோ சுதந்திரம்

2016 செப்டம்பரில் பெர்லின் நகரில் நடந்த ஐஎஃப்ஏ கண்காட்சியில் ஏசர் நிறுவனம் 'பிரிடேட்டர் 21 எக்ஸ்' என்ற லேப்டாப்பை மேடையேற்றியது. 21 அங்குல வளைந்த திரை, இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 கிராபிக்ஸ் சிப்புகள், ஐந்து ஃபேன்கள், மெக்கானிக்கல் கீபோர்டு. எடை எட்டு கிலோவுக்கும் மேல். இதற்கு மின்சாரம் ஊட்ட ஒரு அடாப்டர் போதவில்லை, இரண்டு வேண்டியிருந்தது. அடுத்த ஜனவரியில் லாஸ் வேகஸில் விலையை அறிவித்தார்கள்: 8,999 டாலர். வாங்கியவர்களில் எத்தனை பேர் அதை மடியில் வைத்து வேலை பார்த்தார்கள் என்று கேட்பது கொஞ்சம் குரூரம்தான்.

அது விளம்பரத்துக்காகச் செய்த கண்காட்சிப் பொருள், அதைக் கொண்டு மற்றவற்றை எடைபோடக் கூடாது என்று சொல்லலாம். சரி, ஒதுக்கிவிடலாம். ஆனால் அதைப் பெற்றெடுத்த நம்பிக்கை மட்டும் ஒதுங்கவே இல்லை. டெஸ்க்டாப்பின் பலமும் லேப்டாப்பின் சுதந்திரமும் ஒரே பெட்டியில் கிடைக்கும், பணம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்பதே அந்த நம்பிக்கை. சென்னை ரிச்சி தெரு முதல் சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கம் வரை 17, 18 அங்குல கேமிங் லேப்டாப்புகள் இந்த ஒற்றை வாக்குறுதியின் மேல்தான் விலைபோகின்றன. வாக்குறுதியின் இரண்டு பாதிகளும் இன்று பொய். டெஸ்க்டாப்பின் பலம் அதில் இல்லை. லேப்டாப்பின் சுதந்திரம் அதைவிடவும் இல்லை. இரண்டுக்குமான விலை மட்டும் பில்லில் முழுதாக இருக்கிறது.

முதலில் எடை. இது எளிதில் முடிந்துவிடும் விஷயம். 2024-இல் வந்த எம்எஸ்ஐ டைட்டன் 18 எச்எக்ஸ் 3.6 கிலோ. அதன் 400 வாட் அடாப்டரையும் பையில் போட்டால் நான்கு கிலோவைத் தாண்டிவிடும். பள்ளிப் பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை. கல்லூரிக்கு அந்தக் கொள்கை பொருந்தாது. ஆனாலும் 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், நோட்டும் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் ஏறுவதற்கு முன்பே பை ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அகலமோ 40 சென்டிமீட்டர். வகுப்பறையில் எழுதுபலகை பொருத்திய நாற்காலியில் அதை விரித்தால் பாதி அந்தரத்தில் நிற்கும்.

தூக்க முடியாது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டு வெட் கிரைண்டரைக்கூடத் தூக்கலாம். அதை எடுத்துக்கொண்டு யாரும் ஊருக்குப் போவதில்லை, அவ்வளவுதான். எடையைச் சகித்துக்கொள்ளும் உடல் பலம் இளைஞர்களிடம் உண்டு. பிரச்சினை தூக்கிப் போன பிறகு தொடங்குகிறது. போன இடத்தில் அது என்ன செய்கிறது?

பேட்டரியில் தொடங்கலாம். விமானத்தில் கொண்டு செல்லும் லித்தியம் பேட்டரி 100 வாட்-அவரைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் அனுமதியே கிடையாது. உலகெங்கும் நடைமுறையில் உள்ள விதி இது. அதனால்தான் பெரிய கேமிங் லேப்டாப்புகளின் விவரப் பட்டியலில் 99.9 வாட்-அவர் என்று கடைக்காரர் போட்ட விலைபோல ஒரு எண் திரும்பத் திரும்ப வருகிறது. டைட்டனிலும் அதே எண்தான். பேட்டரியை இதற்கு மேல் பெருக்க வழியில்லை. பசியோ ஆண்டுதோறும் பெருகுகிறது. 400 வாட் அடாப்டர் கேட்கும் இயந்திரம் தன் முழுப் பலத்தையும் பேட்டரியிலிருந்தே எடுக்க முயன்றால் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். இது வெறும் வகுத்தல் கணக்கு.

நிஜத்தில் அப்படி அணைவதில்லை, ஏனெனில் இயந்திரம் அந்த முயற்சியிலேயே இறங்குவதில்லை. சார்ஜரைப் பிடுங்கிய கணமே பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் தங்கள் மின் அளவைச் சுருக்கிக்கொள்கின்றன. என்விடியாவின் 'பேட்டரி பூஸ்ட்' வசதி விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதற்கே உச்சவரம்பு போடுகிறது. லட்சங்கள் கொடுத்து வாங்கிய பலம் சுவரில் பிளக் இருக்கும்வரைதான் பலம். பிளக்கை எடுத்ததும் கையில் மிஞ்சுவது பாதி விலைக்குக் கிடைக்கக்கூடிய ஒரு சாதாரண லேப்டாப், அதுவும் மூன்றரைக் கிலோவில்.

சரி, போகிற இடத்தில் பிளக் இருக்காதா? இருக்கும். ரயில் பெட்டியின் சார்ஜிங் பாயின்ட் செல்போனுக்கும் அலுவலக லேப்டாப்புக்கும் என்று வைத்தது. 400 வாட் அடாப்டரின் பசியை நினைத்து யாரும் அதை அமைக்கவில்லை. விமான இருக்கையின் பிளக்கும் அப்படியே. நண்பரின் யுஎஸ்பி-சி சார்ஜரைக் கடன் வாங்கினால்? பரவலாகப் புழங்கும் சார்ஜர்கள் 65 முதல் 100 வாட் வரை. 2021-இல் அந்தத் தரநிலையை 240 வாட்டாக உயர்த்தினார்கள், அதுவும் இந்தப் பூதங்களுக்குப் போதவில்லை. ஆக, நிறுவனமே தந்த அந்தச் செங்கல் போகிற இடமெல்லாம் கூடவே வர வேண்டும்.

சுதந்திரத்தின் கதை இது. பலத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. ஏனென்றால் அந்த நம்பிக்கையில் ஒரு காலத்தில் உண்மை இருந்தது.

2016-இல் என்விடியா தன் 10 வரிசை கிராபிக்ஸ் சிப்புகளை வெளியிட்டபோது, லேப்டாப் வடிவத்தின் பெயருக்குப் பின்னால் அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த 'எம்' எழுத்தை நீக்கியது. நீக்க நியாயம் இருந்தது. டெஸ்க்டாப்பின் ஜிடிஎக்ஸ் 1080-இல் 2,560 கூடா (CUDA) கோர்கள், அதாவது கணக்கிடும் அலகுகள்; லேப்டாப்பின் 1080-இலும் அதே 2,560. டெஸ்க்டாப் கார்டு எடுத்துக்கொண்ட மின்சாரமும் 180 வாட்தான், தடித்த லேப்டாப் ஒன்றுக்குள் ஏறத்தாழ அடைத்துவிடக்கூடிய அளவு. அந்த ஆண்டு கேமிங் லேப்டாப் வாங்கியவர் ஏமாறவில்லை.

அதன் பிறகு என்ன நடந்தது? டெஸ்க்டாப் கார்டுகளுக்கு மின்சாரத்தில் வரம்பே இல்லாமல் போனது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட், 2025-இல் வந்த 5090 கார்டு 575 வாட். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு பெட்டிக்குள் அவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற இயற்பியல் இடம் தரவில்லை. லேப்டாப் சிப்புகள் 175 வாட்டை ஒட்டியே நின்றுவிட்டன. டெஸ்க்டாப் மூன்று மடங்கு ஓடிவிட்டது. லேப்டாப் 2016-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை. டெஸ்க்டாப் 4090-இல் 16,384 கோர்களும் 24 ஜிபி நினைவகமும் உண்டு. '4090 லேப்டாப்' என்று விற்பதில் 9,728 கோர்களும் 16 ஜிபியும்தான், அதாவது டெஸ்க்டாப் 4080-இன் சிப். 5090-இல் இடைவெளி இன்னும் விரிந்தது: டெஸ்க்டாப்பில் 21,760 கோர்கள், லேப்டாப்பில் 10,496. பாதிகூட இல்லை. ஒரே எண்ணை இரண்டு பொருள்களுக்குச் சூட்டுவதை ஜவுளிக்கடையில் செய்தால் ஊர் கூடிக் கேட்கும்.

ஒரே பெயருள்ள இரண்டு லேப்டாப்புகளுக்குள்ளும் பேதம் உண்டு. ஒன்றில் சிப்புக்கு 175 வாட் ஊட்டுவார்கள், இன்னொன்றில் 100. முன்பு குறைந்த வாட் சிப்புகளை 'மேக்ஸ்-கியூ' என்ற அடைமொழி காட்டிக்கொடுத்தது. 2021-இல் அந்த அடைமொழியும் சிப்பின் பெயரிலிருந்து போய்விட்டது. இப்போது வாட் எவ்வளவு என்பதை வாங்குபவர்தான் விவரப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் தேட வேண்டும்.

வெப்பத்துக்கு வருவோம். இன்டெலின் ஐ9-13980எச்எக்ஸ் போன்ற பிராசஸர்கள் டெஸ்க்டாப்புக்காக வார்த்த சிலிக்கனையே லேப்டாப்புக்குள் வைப்பவை. அவற்றின் வெப்ப உச்சவரம்பு 100 டிகிரி செல்சியஸ், கனமான கேம் ஓடும்போது அந்த எல்லையைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்வது சகஜம். ஃபேன் சத்தமோ, ஹெட்போன் இல்லாமல் விளையாட முடியாத அளவு. நூலகத்திலோ கூட்ட அறையிலோ அதைத் திறந்தவரைச் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பது பொறாமையால் அல்ல. 2015-இல் ஆசஸ் நிறுவனம் ஜிஎக்ஸ்700 என்ற லேப்டாப்பின் முதுகில் தண்ணீரால் குளிரூட்டும் ஒரு தனிப் பெட்டியையே மாட்டியது. பெட்டியோடு இருக்கும்வரை முழு வேகம், கழற்றினால் வேகம் குறையும். நேர்மையான வடிவமைப்பு அது. உள்ளே இருக்கும் பொருள் ஒரு மேசையை விட்டு நகர விரும்பவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

மடியில் வைப்பதன் விளைவை மருத்துவ இலக்கியமும் பதிவு செய்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவர்கள் 2010-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். பல மாதங்களாகத் தினமும் சில மணி நேரம் லேப்டாப்பை மடியில் வைத்து கேம் விளையாடிய அவனுக்கு இடது தொடைத் தோலில் வலைபோலக் கறுத்த தழும்பு விழுந்திருந்தது. தீக்காயம் ஏற்படுத்தாத மிதமான சூடு நாள்கணக்கில் படுவதால் வருவது அது. அடுப்பருகே நெடுநேரம் உட்கார்பவர்களுக்கு வருவதாக மருத்துவர்கள் அறிந்த நோய், கேம் விளையாடும் பிள்ளைக்கு வந்துவிட்டது.

பலமும் சுதந்திரமும் கிடைக்காத இடத்தில் கடைக்காரர் மூன்றாவது அஸ்திரத்தை எடுக்கிறார்: 'நாளைக்கு அப்கிரேடு பண்ணிக்கலாம் சார்.' ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம், உண்மைதான். கேமுக்கு உயிரான கிராபிக்ஸ் சிப் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இதை மாற்றிக்காட்டுவோம் என்று டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் 2019-இல் 'ஏரியா-51எம்' கொண்டுவந்தது. பிராசஸரும் கிராபிக்ஸும் கழற்றி மாட்டக்கூடியவை என்பதே அதன் பெருமை. அடுத்த ஆண்டு புதிய தலைமுறை பிராசஸர் வந்தபோது பழைய சாக்கெட்டில் அது உட்காரவில்லை. விளம்பரம் தவறாக வழிநடத்தியது என்று 2021-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு: பிரேம்வொர்க் நிறுவனத்தின் 16 அங்குல லேப்டாப்பில் கிராபிக்ஸ் பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்ட முடியும். அதுவும் சந்தையின் ஓரத்தில் நிற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் முயற்சி.

இந்தப் பின்னணியில்தான் ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் நடக்கும் ஒரு பேரத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்துவிட்டது, லேப்டாப் வேண்டும். 'கோடிங்குக்கு ஹை-எண்ட் வேணும்பா' என்கிறான் பையன். அப்பாவும் இஎம்ஐ கையெழுத்துப் போடுகிறார். சி, பைத்தான், ஜாவா எதுவும் கேமிங் சிப் கேட்பதில்லை. கல்லூரி அளவிலான ஆட்டோகேட் வரைபடங்களுக்கு நடுத்தர லேப்டாப் போதும். மெஷின் லேர்னிங் படிப்பவர்களுக்கு கூகுள் கோலாப் இணையம் வழியாகவே கிராபிக்ஸ் சிப்பை இலவசமாகக் கடன் தருகிறது. கேம் விளையாட ஆசை என்றால் அதை அப்பாவிடம் கேமுக்கென்றே கேட்பது நல்லது. கேட்டால் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

எதிர்வாதங்களில் இரண்டுக்கு எடை உண்டு. கரண்ட் போனால் டெஸ்க்டாப் பட்டென்று அணையும், லேப்டாப் அணையாது. செய்த வேலை தப்பிக்கும். உண்மை. ஆனால் அந்தப் பலன் ஒரு கிலோ லேப்டாப்பிலும் கிடைக்கிறது, டெஸ்க்டாப்புக்கு ஒரு யுபிஎஸ் வாங்கினாலும் கிடைக்கிறது. இரண்டாவது, இடமில்லாதவர்களின் வாதம். ஆறு மாதம் கப்பலில், ஆறு மாதம் கரையில் என்று வாழும் மாலுமிக்கும், நான்கு பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில் ஒரு மேசைகூட இல்லாதவனுக்கும் இந்தப் பெரிய லேப்டாப் சரியான பொருளாகவே இருக்கலாம். அவர்கள் அதை ஆண்டுக்கு இரண்டு முறை இடம் மாற்றுகிறார்கள், தினமும் சுமப்பதில்லை. வளைகுடாவில் ஒரே அறையைப் பகிர்ந்து வாழும் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் கண் திறந்து வாங்குகிறார்கள், அவர்களோடு இந்தக் கட்டுரைக்கு வழக்கு இல்லை.

தயாரிப்பாளர்களே இந்தப் பூதங்களின் மேல் நம்பிக்கை இழந்ததற்குச் சான்றுகள் உண்டு. மெலிந்த கேமிங் லேப்டாப்புகளுக்காகவே என்விடியா 2017-இல் மேக்ஸ்-கியூ திட்டத்தைத் தொடங்கியது. 2020-இல் ஆசஸ் கொண்டுவந்த ஜெஃபைரஸ் ஜி14-இன் எடை 1.6 கிலோ. முழு வேகத்துக்கு அதற்கும் சார்ஜர் வேண்டும்தான். ஆனால் சார்ஜர் இல்லாத நேரத்தில் அது தன்னை ஒரு நல்ல லேப்டாப்பாக மாற்றிக்கொள்கிறது, வகுப்பு முடியும்வரை தாங்குகிறது. 2022-இல் வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேமிங் கருவியான ஸ்டீம் டெக் வந்தது: 669 கிராம். பஸ்ஸிலும் படுக்கையிலும் பெரிய கேம்களை ஓட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டே ஆசஸ் தன் 'ஆர்ஓஜி அலை' (ROG Ally) கருவியோடு அதே வழியில் இறங்கியது. வீட்டில் ஒரு டெஸ்க்டாப்பை வைத்துவிட்டு, 'மூன்லைட்' போன்ற இலவச மென்பொருள் வழியாக அடுத்த அறையில் ஒரு சாதாரண லேப்டாப்பில் அதே கேமை விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வழிகளில் எந்த ஒன்றும் முழுமையானது இல்லை. ஆனால் எதுவும் தன்னால் முடியாததைச் செய்வதாக மார்தட்டுவதில்லை.

இத்தனைக்கும் பிறகும் 18 அங்குலப் பெட்டிதான் வேண்டும் என்பவர் கடையில் மூன்று காரியம் செய்யட்டும். கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் என்று எழுத்தில் கேட்கட்டும். லேப்டாப்பை அடாப்டரோடு சேர்த்துப் பையில் போட்டுக் கடையின் மாடிப்படியை ஒருமுறை ஏறி இறங்கட்டும். பிறகு ஒரு கேமை ஓடவிட்டு, விற்பனையாளரின் கண்ணெதிரே சார்ஜரைப் பிடுங்கித் திரையைப் பார்க்கட்டும். மூன்றுக்கும் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.