காரியதரிசி கிடைத்த கதை

பெரிய மனிதர்களுக்குக் காரியதரிசி வேலை பார்ப்பதென்றால் கடிதம் எழுதுவது, ரயில் நேரம் பார்ப்பது, வருகிறவர்களை வாசலிலேயே வழியனுப்பி வைப்பது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். மகாத்மா காந்தியிடம் அந்த வேலைக்குச் சேர்ந்த ஸ்ரீ மகாதேவ தேசாயின் முதல் ஐந்து வருஷங்களைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

மகாதேவர் 1892-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி சூரத் ஜில்லாவில் ஸரஸ் என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட உபாத்தியாயர். பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையில் பி.ஏ. தேறி, சட்டமும் படித்து, ஆமதாபாத்தில் வக்கீலாக அமர்ந்தார். கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிடவில்லை. பிறகு ஒரு கூட்டுறவு வங்கியின் சார்பில் ஐக்கிய நாணய சங்கங்களைச் சோதனை செய்யும் இன்ஸ்பெக்டர் உத்தியோகம் கிடைத்தது. ஊர் ஊராகச் சுற்றிக் கணக்குப் பார்க்கும் வேலை. ஆனால் மனமெல்லாம் இலக்கியத்தில்தான். ஜான் மார்லி என்ற ஆங்கில ஆசிரியரின் நூல் ஒன்றைக் குஜராத்தியில் மொழிபெயர்த்துப் பரிசும் பெற்றிருந்தார்.

காந்தியடிகள் 1915-ல் தமது ஆசிரமத்தின் விதிகளை எழுதி, அபிப்பிராயம் கேட்டு வெளியிட்டார். மகாதேவரும் அவருடைய ஆப்த சிநேகிதர் நரஹரி பரீக்கும் சேர்ந்து, பிரம்மசரியத்தைப் பற்றியும் கைத்தொழிலைப் பற்றியும் தங்களுக்கிருந்த ஆட்சேபங்களைத் தயக்கமின்றி எழுதி அனுப்பினார்கள். அடிகள் அவ்விருவரையும் கொச்ரப் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று நெடுநேரம் பேசினார். கண்டித்து எழுதியவர்களுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கும் தலைவர்கள் எந்தக் காலத்திலும் அபூர்வம்! திரும்பும் வழியில், இந்த மனிதரின் காலடியிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றுவதாக மகாதேவர் நண்பரிடம் சொன்னார்.

தோன்றியதே தவிர, உடனே உட்கார்ந்துவிடவில்லை. இரண்டு வருஷம் போயிற்று. அந்தத் தயக்கத்தைக் குறையாக எண்ணுவதற்கில்லை. வயதான தகப்பனார், இளம் மனைவி துர்க்காபாய், கையிலிருந்த சம்பளம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்காமல் கிளம்புகிறவன் பாதி வழியில் திரும்பி வருவதும் உண்டு அல்லவா?

1917 ஆகஸ்டு 31-ந் தேதி காந்தியடிகளே வாய் திறந்தார். தாம் தேடிக்கொண்டிருந்த ஆளை மகாதேவரிடம் கண்டுவிட்டதாகவும், தம் வேலையை ஒருநாள் அவரிடம் ஒப்படைக்கலாம் என்று நம்புவதாகவும் சொன்னார். அதற்கு முன் போலக், குமாரி ஷ்லெஸின், மகன்லால் ஆகிய மூவரிடம் மட்டுமே அவர் இப்படிப் பேசியிருந்தார். ஷ்லெஸின் அம்மாள் தென்னாப்பிரிக்காவில் அவருடைய காரியதரிசியாக இருந்தவர். அழைப்பில் ஒரு வேடிக்கையும் உண்டு. இப்போதே வந்துவிட வேண்டாம், ஒரு வருஷம் சுகமாக இருந்துவிட்டு வா என்றார் அடிகள். மகாதேவருக்குப் பொறுக்கவில்லை. நவம்பர் மாதமே மனைவியுடன் வந்து சேர்ந்தார். 13-ந் தேதி நாட்குறிப்பைத் தொடங்கினார். புது எஜமானர் சம்பாரணுக்குப் போனபோது தம்பதிகளும் உடன் சென்றார்கள்.

சுருக்கெழுத்து அவருக்குத் தெரியாது. கேட்டதையெல்லாம் சாதாரண எழுத்திலேயே விரைந்து எழுதி வைத்துக்கொள்வார். 1919 ஏப்ரலில் பஞ்சாபுக்குப் போகும் வழியில் பல்வல் ஸ்டேஷனில் அடிகளைப் போலீஸார் இறக்கியபோது, டில்லிக்குச் சென்று சுவாமி சிரத்தானந்தரிடம் செய்தி சொல்லி, ஜனங்களை அமைதியாக இருக்கச் செய்யும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. வேலையில் சேர்ந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

நிழலாக இருந்தவர் வெயிலில் தனியே நிற்க நேர்ந்தது 1921-ல். அலகாபாத்தில் பண்டித மோதிலால் நேரு நடத்திய 'இண்டிபெண்டண்ட்' பத்திரிகையில் உதவும்படி அடிகள் இவரை அனுப்பினார். டிசம்பரில் பண்டிதரும், பத்திரிகாசிரியராயிருந்த மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோஸப்பும் கைதானார்கள். பத்திரிகை மகாதேவர் கைக்கு வந்தது. அச்சிடுவதற்குச் சர்க்கார் தடை போட்டதும், அவர் அதைக் கையாலேயே எழுதிப் பிரதிகள் எடுத்து வெளியிட்டார்! அம்மாதமே ஒரு வருஷம் கடுங்காவல் கிடைத்தது. அதற்குப் பிறகும் கையெழுத்துப் பத்திரிகை நின்றுவிடவில்லை. அடிகளின் புதல்வர் தேவதாஸ் அதை ஏற்றுக்கொண்டு நடத்தி, அவரும் சிறை புகுந்தார். நைனி சிறையில் மகாதேவரை முதலில் சாதாரணக் குற்றவாளியைப் போலவே நடத்தினார்கள். புத்தகமே உயிராக இருந்தவருக்குப் புத்தகம் மறுக்கப்பட்டது.

1917-ல் தொடங்கிய நாட்குறிப்பை அவர் 1942 ஆகஸ்டு 14 வரை எழுதிவந்தார். மறுநாள், ஆகாகான் மாளிகைக் காவலில் அவர் உயிர் பிரிந்தது. வயது ஐம்பதுதான். அந்தக் குறிப்புகளுக்கு 1955-ல் சாகித்ய அகாதமி பரிசு அளிக்கப்பட்டது. ஏடு ஏடாகப் புரட்டினால் அடிகள் பேசுகிறார், வந்தவர்கள் பேசுகிறார்கள். எழுதியவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.