வலி போனது சரி, எப்படிப் போனது?

மூட்டுவலியால் தேக்கா சந்தைக்குக்கூட நடக்க முடியாமல் தவித்தார் என் பாட்டி. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த ‘மூலிகை’ மாத்திரையைச் சாப்பிட்ட இரண்டே நாளில் எழுந்து நடந்தார். சில மாதங்களில் முகம் உருண்டையானது. உடம்பு தேறிவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம். மருத்துவர் மகிழவில்லை. ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தது. மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார்.

ஸ்டீராய்டு நம் உடலுக்குப் புதிதல்ல. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைத் தினமும் சுரக்கின்றன. அது நோய் எதிர்ப்பு உயிரணுக்களுக்குள் நுழைந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. கிருமியோடு நடக்கும் சண்டையில் நம் உடலே சேதமாகாமல் காக்கும் கடிவாளம் அது.

அதே வேலையை ஏறக்குறைய 25 மடங்கு வலிமையோடு செய்வது டெக்சாமெத்தசோன் மருந்து. 2020ல் பிரிட்டனின் ‘ரிகவரி’ ஆய்வில், செயற்கைச் சுவாசக் கருவியின் உதவியோடு இருந்த கொவிட்-19 நோயாளிகளின் மரணங்களை அது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. உயிர்வாயு தேவைப்படாதவர்களுக்கோ பலன் தரவில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்டீராய்டை மறைத்துக் கலந்து விற்கும் பொருள்களில் அந்தக் கணக்கே இல்லை. இத்தகைய வலி நிவாரணப் பொருள்கள் குறித்து நமது சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. நீண்டநாள் உட்கொண்டால் எலும்பு பலவீனமாகும், தோல் மெலியும், தொற்று எளிதில் பற்றும்.

விஷயம் தெரிந்ததும் மாத்திரையைக் குப்பையில் வீசத் தோன்றும். அதுவும் ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்வதே சரி.

அதேபோல், ஆஸ்துமாவுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு உறிஞ்சியைப் பயந்து ஒதுக்குவதும் தவறு.

பல வீடுகளில் தாத்தா பாட்டிக்கு இணையத்தில் பொருள் வாங்கித் தருவது இளையர்களாகிய நாம்தான். உயிரியல் பாடத்தில் ஹார்மோன்களைப் படிப்பவர்களும் நாம்தான். “இதில் என்ன இருக்கிறது?” என்று அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்களும் நாமே. இரண்டே நாளில் வலியை விரட்டும் ‘மூலிகை’ என்றால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவோம்.